படத்தில் விழாத நோய்

ஸ்கேன் அறைக்கு வெளியே நாற்பது நிமிடம் காத்திருக்கச் சொன்னார்கள். அதில் நான் நாற்காலியில் இருந்தது பத்து நிமிடம் இருக்கலாம். மீதி நேரத்தில் தீயணைப்புக் கருவியின் மேல் ஒட்டியிருந்த விதிமுறைகளை இந்தியிலும் மராத்தியிலும் படித்து முடித்தேன். காவலாளி என்னை யாரோ நோயாளியின் உறவினர் என்று எண்ணி, டீக்கடைக்கு வழி சொன்னார்.

நாற்பத்தாறு வயதில், எனக்கு ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைகொள்ளாமல் மனமும் உடம்பும் ஓடிக்கொண்டே இருக்கும் குறைபாடு) இருக்கலாம் என்ற சந்தேகத்தைக் கிளப்பியது ஒரு பத்திரிகைக் கட்டுரை. அதைப் பாதிதான் படித்தேன். அதையே முதல் அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

சிரிக்க முடியாத அறிகுறி வேறு. கேம்ப் பகுதியில் என் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி மகள் நிஷாவின் பள்ளி. பள்ளி விடுவது நான்கு மணிக்கு. அவளைக் கூட்டிவரக் கிளம்பியவன், வழியில் பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்தேன். வெளியே வந்தபோது மணி ஐந்தரை. எட்டு வயதுக் குழந்தை, மூடிய கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது முடித்திருந்தாள்.

“உங்களுக்கு அது மறதி. அவளுக்கு அது பயம். இனிமே நானே போய்க் கூட்டிக்கிறேன்,” என்றாள் என் மனைவி ஸ்டெல்லா. எங்கள் வீடு இருக்கும் விஷ்ராந்த்வாடியிலிருந்து அதற்கு அவள் தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும்.

ஆகவே எனக்கு ஒரு படம் தேவைப்பட்டது. எங்கள் குடும்பத்தில் படம் உள்ள நோய்க்குத்தான் மரியாதை. மைத்துனரின் முழங்கால் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த நாளிலிருந்து அவரை யாரும் சோம்பேறி என்பதில்லை. என் மூளையையும் அதே ஜன்னலில் பிடித்துக் காட்ட ஆசைப்பட்டேன். நான் போய்ப் பார்த்த மனநல மருத்துவர் ஸ்கேன் வேண்டாம் என்றார். தலைவலி என்று பொய் சொல்லி வேறொரு மருத்துவரிடம் சீட்டு வாங்கினேன்.

எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் முறை) குழாய்க்குள், “அங்கிள், ஹிலோ மத்” (அசையாதீர்கள்) என்று ஒலிபெருக்கி மூன்று முறை கெஞ்சியது. அசையாமல் இருக்கத் தெரிந்தவன் அங்கே ஏன் வரப்போகிறான்?

மூளை இயல்பாக உள்ளது, சில படங்கள் அசைவால் மங்கல் என்று அறிக்கை வந்தது. அந்த மங்கலையே ஆதாரமாக மனநல மருத்துவரிடம் நீட்டினேன்.

“மூக்கு அரித்தாலும் இப்படித்தான் மங்கும்,” என்றார் அவர், ஆங்கிலத்தில். “கட்டி இருந்தால் இது காட்டும். பல பேருடைய படங்களைச் சேர்த்து ஆராய்பவர்களுக்குச் சின்ன வித்தியாசங்கள் தெரிகின்றன. ஒருவருடைய படத்தை மட்டும் வைத்து இந்தக் குறைபாடு உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. உங்களோடு வாழ்பவரைக் கூட்டிவாருங்கள். பழைய பள்ளி மதிப்பெண் அட்டைகள் இருந்தால் அவற்றையும்.”

ஸ்டெல்லா வந்தாள். இரண்டு மணி நேரம், எங்கள் பதினாறு வருட வாழ்க்கையைக் குரல் உயராமல் சொன்னாள். என் நான்காம் வகுப்பு அட்டையில், ‘வகுப்பில் இருக்கிறான், ஆனால் வகுப்பில் இல்லை’ என்று ஆசிரியை எழுதியிருந்தார். நோய் அன்று உறுதியாயிற்று.

படியிறங்கும்போது கேட்டாள்: “அப்போ வேணும்னு செய்யலையா?”

“இல்ல.”

“சரி. ஆனாலும் நிஷா அன்னைக்கு நின்னது நின்னதுதான்.”

இதே சந்தேகத்தில் இருப்பவர்கள் படத்துக்கு அலைய வேண்டாம். உங்களால் காத்துக் கிடந்தவர் யாரோ, அவரை அழைத்துப் போங்கள்.

மாத்திரை, கைக்கடிகாரத்தில் அலாரம் என்று ஐந்து மாதம் போனது. பிறகு ஸ்டெல்லா வியாழக்கிழமைகளை மட்டும் எனக்குத் திருப்பித் தந்தாள்.

இன்று வியாழன். மூன்று இருபதுக்கே கேட்டில் நிற்கிறேன். கால் ஆடுகிறது. ஆடட்டும், நகராமல் இருந்தால் போதும். முன்பெல்லாம் நேரம் எனக்குத் தெரியாமலே போய்விடும். இப்போது ஒவ்வொரு நிமிடமும் எறும்பாக உடம்பின் மேல் ஊர்ந்துதான் போகிறது. அன்று நிஷா நின்ற ஒன்றரை மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று இங்கே நின்றுதான் தெரிந்துகொள்கிறேன்.