இருபத்து மூன்று பிள்ளைகள்

டென்மார்க்கில் ஒரு காரியத்தை இரண்டு வருடம் தொடர்ந்து செய்துவிட்டால் அதற்குப் பெயர் சம்பிரதாயம். மூன்றாம் வருடம் அதை மாற்றலாமா என்று கேட்பவர் பாவி. யூலாண்டுக் குடாநாட்டின் நடுவிலிருக்கும் எங்கள் சிறிய ஊரின் பள்ளிக்கூடத்தில், குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளி வைத்த வாரத்தில் வெளிச்சக்கூட்டு நடை நடக்கும். மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். பிள்ளைகள் தாங்கள் செய்த கடதாசி விளக்குக் கூடுகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்குள் போவார்கள். பாதை சதுப்பு நிலத்தின் மேல் போட்ட பலகை. இரண்டு பேர்தான் பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம். ஆகவே சோடி சோடியாகக் கை கோத்துப் போகவேண்டும். சோடியைப் பிள்ளைகளே தெரிவு செய்வார்கள். அதுவும் சம்பிரதாயம்.

என் மகளின் வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். இருபத்து மூன்றை இரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். இதைக் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகம் போகத் தேவையில்லை. போன வருடம் மிஞ்சிய ஒன்று என் மகள். ஆசிரியை அவளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்து மகள் அழவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, "ரீச்சரின்ரை கை சரியான பெரிசு அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

இந்த வருடம் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். செப்டெம்பரில் பெற்றோர் கூட்டம். முதியோர் இல்லத்தில் காலை வேலையை முடித்து, உடுப்பு மாற்றி, காரில் போகும்போதே டெனிஷில் என் வசனத்தைப் பாடமாக்கினேன். 'சோடிகளை ஆசிரியை முன்கூட்டியே பிரித்துக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் தனித்து நிற்காது.' ஒரே ஒரு வசனம். வேலையில் நாள் முழுக்க டெனிஷில் கதைக்கிற எனக்கு, பள்ளிக்கூட வாசலுக்கு வந்தால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

ஏழு வயதுப் பிள்ளைகளின் கதிரைகளில், முழங்கால் நாடியில் முட்ட, எல்லோரும் குந்தியிருந்தோம். நிகழ்ச்சி நிரலின் முதல் விடயம்: வெளிச்சக்கூட்டுக்குள் மெழுகுதிரியா, பற்றறி விளக்கா? நாற்பது நிமிடம். மெழுகுதிரி இல்லாவிட்டால் அந்த இதமே இல்லை என்றார் ஒருவர். பற்றறி பூமிக்குக் கூடாது என்றார் இன்னொருவர். கடதாசி பற்றி எரிந்தால் பூமிக்கு நல்லதா என்று கேட்கலாம்போல இருந்தது. கேட்கவில்லை. அடுத்தது சூப். பூசணியா, கரட்டா? பாலாடை சேர்ப்பதா, விடுவதா? ஆளுக்கொரு கோப்பை கொண்டுவருவதா, பள்ளிக்கூடத்துக் கோப்பையா? கையை உயர்த்தி, அனுமதி பெற்று, ஒருவரை ஒருவர் மெச்சி, ஒன்றையும் முடிவெடுக்காமல் கதைத்தார்கள். ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. எங்கள் கோயில் கூட்டமென்றால் இதற்குள் இரண்டு பேர் எழுந்து வெளியே போயிருப்பார்கள், அலுவலும் முடிந்திருக்கும்.

ஏனைய விடயங்கள் என்ற கடைசித் தலைப்பு வந்தபோது கூட்டம் முடிய ஆறு நிமிடம் இருந்தது. பாதிப் பேர் ஜக்கெற்றுக்குள் கையை விட்டுவிட்டார்கள். நான் கையை உயர்த்தினேன். என் வசனத்தைப் பிழையில்லாமல் சொன்னேன். எல்லோரும் அன்பாகத் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததுமே இது நடக்கப்போவதில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. ஒரு தாய், பிள்ளைகள் தாங்களே நண்பரைத் தெரிவு செய்யப் பழகுவது முக்கியம் என்றார். அவருடைய மகளுக்குச் சோடி இருந்தது. ஆசிரியை, "நல்ல கருத்து, மனதில் வைத்துக்கொள்கிறோம்" என்றார். பிறகு கதிரைகளைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம். பூசணி சூப்புக்கு ஐந்து கிலோ பூசணி வெட்டும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்திருந்தது.

வீட்டில் வந்து கொதித்தேன். காற்றாலைத் தொழிற்சாலை வேலையால் வந்து சோபாவில் சாய்ந்திருந்த என் கணவர், "இதுக்குப் போய் ஏனப்பா இவ்வளவு ரென்சன்? ஒரு மணித்தியால நடைதானே" என்றார்.

"ஒரு மணித்தியாலம் நீங்கள் தனிய நடந்து பாருங்கோ" என்றேன்.

நடைக்குரிய நாள் வந்தது. காலையில் பள்ளிக்கூடச் செயலியில் ஒரு செய்தி: வகுப்பில் ஒரு பெண்பிள்ளைக்குக் காய்ச்சல், இன்று வரமாட்டாள். நான் முதியோர் இல்லத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் அது. வாசித்தவுடன் எனக்குச் சந்தோசம் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. இருபத்து இரண்டு! ஒன்றும் மிஞ்சாது. மத்தியானம் ஐந்து கிலோ பூசணியையும் பாட்டுப் பாடிக்கொண்டு வெட்டினேன்.

மாலை காட்டின் வாசலில் பதினொரு சோடிகள். என் மகளின் கையைப் பிடித்திருந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையின் உற்ற சிநேகிதி. அவளுக்கு அன்று வேறு ஆள் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பரவாயில்லை என்றிருந்தது. மகள் கூட்டைத் தூக்கி எனக்குக் காட்டினாள். முன்பல் விழுந்த வாயால் சிரித்தாள். மெழுகுதிரியும் இல்லை, பற்றறியும் சரியாக எரியவில்லை, எனக்கு ஒன்றிலும் குறை தெரியவில்லை.

வரிசை அசையப் போகிற நேரம் ஒரு கார் வந்து நின்றது. காய்ச்சல்காரப் பிள்ளை குளிருடுப்போடு இறங்கி ஓடிவந்தாள். பின்னால் தாய். "காய்ச்சல் இறங்கிவிட்டது. வரவேண்டுமென்று ஒரே அழுகை" என்றாள் ஆசிரியையிடம். பிள்ளை நேரே தன் சிநேகிதியிடம் வந்து நின்றது. சிநேகிதி அவளைப் பார்த்தாள், என் மகளைப் பார்த்தாள். ஆசிரியை தலையிடவில்லை. பிள்ளைகள்தானே தெரிவு செய்யவேண்டும்!

என் மகளின் விரல்கள் தளரத் தொடங்கின. யாரும் கேட்கவில்லை, தானாகவே விட்டுக்கொடுக்கப் போனாள். ஏழு வயதில் அது அவளுக்குப் பழகிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கையை விடாதை" என்றேன், தமிழில், பலமாக. "இறுக்கிப் பிடி."

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு இறுக்கிப் பிடித்தாள். சிநேகிதிக்கு வலித்திருக்கவேண்டும், முகம் சுளித்தாள். வரிசை பலகையில் ஏறியது. காய்ச்சல்காரப் பிள்ளையை ஆசிரியை கையில் பிடித்துக்கொண்டு கடைசியாகப் போனார். அதன் தாய் என் பக்கத்தில் வந்து நின்று, நான் என்ன சொன்னேன் என்று கேட்டாள்.

"கவனமாக நடக்கச் சொன்னேன்" என்றேன்.

நடை முடிந்து, சூப் குடித்து, காருக்கு வந்தோம். மகள் பின்சீற்றில் ஏறினாள். நான் கதவைச் சாத்தப் போனபோது, "என்னோடை வந்தவள் வழி முழுக்க அழுதவள், அம்மா" என்றாள்.

"பெல்ற்றைப் போடு" என்றேன்.

"போட்டிட்டன்" என்றாள்.