பதினாறாவது கார்னர்

எங்கள் தெரு ஆடித் திருவிழாக் குழுவுக்கு அந்தக் காலத்தில் செயலாளராக இருந்தவர் என் நைனாவின் தொழிலைக் கெடுத்தார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் பெயரை எழுதவில்லை. படித்தால் தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவருக்குப் புரியும்.

இரும்புத் தகட்டின் ஓரத்தில் அரம் ஓடும் சத்தம் பல்லின் வேர்வரைக்கும் கூசும். மயிலாப்பூரில் கால்வாய் ஓரத்து எங்கள் வீட்டில் ஆனி மாதம் முழுக்க அந்தச் சத்தம்தான். ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், கூழ் ஊற்றும் இடத்திலெல்லாம் பாட்டுப் போடவேண்டும், அதற்குள் ஸ்பீக்கர் டப்பாக்கள் தயாராகிவிட வேண்டும். நைனா மைக் செட் வைத்திருந்தார். டப்பாக்களை அவர் கடையில் வாங்கியதில்லை. பிளைவுட் வாங்கி வந்து வாசலில் போட்டு அறுத்து, பசை தடவி, ஆணி அடித்து, கறுப்புப் பெயிண்ட் பூசி அவரே செய்வார்.

டப்பா செய்வதைவிட அதன் மூலையைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி இறக்கும்போதும் சரி, மாடிப்படித் திருப்பத்தில் தூக்கிக்கொண்டு போகும்போதும் சரி, முதலில் அடிபடுவது மூலை. அங்கே பிளைவுட் ஏடு ஏடாகப் பிரியும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும், அதற்குப் பிறகு எந்தப் பாட்டைப் போட்டாலும் தொண்டை கட்டியவன் பாடுவது மாதிரி கரகரக்கும். "மூல பூட்ச்சுன்னா டப்பாவே பூட்ச்சு" என்பார் நைனா. அதனால் எட்டு மூலைக்கும் இரும்பில் ஒரு தொப்பி போடுவார்கள். அதற்குக் "கார்னர்" என்று பெயர். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பளபளவென்று கார்னர் கிடைத்தது, எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அம்மா "காயலான் கடை"யில் பழைய பீரோக் கதவின் தகட்டைப் பொறுக்கிக்கொண்டு வருவாள்.

தகட்டைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் கால் பங்கைக் கத்தரித்து எறிந்துவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று சிறிய சதுரங்கள் மிஞ்சும். இரண்டு கோட்டில் மடித்தால் அது மூலையில் உட்காரும் தொப்பி ஆகிவிடும். வெட்டுவதும் மடிப்பதும் அம்மா. கூர்முனையைக் கருங்கல்லில் வைத்துத் தட்டி மழுக்கி, திருகாணிக்குத் துளை போடுவது நைனா. ஓரத்தை அரத்தால் தேய்ப்பது நான். ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன், எங்கள் வீட்டில் சும்மா உட்கார யாருக்கும் அனுமதி கிடையாது.

ஓரம் போதுமான அளவு மழுங்கிவிட்டதா என்று பார்க்க அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். கிழிந்த நைலக்ஸ் புடவையின் ஒரு துண்டைக் கார்னரின் மேல் போட்டு எல்லாப் பக்கமும் இழுக்கவேண்டும். ஒரு நூல் மாட்டினாலும் மறுபடி தேய்க்கவேண்டும். "பொடவ மாட்டுனா புள்ளைங்க தோலும் மாட்டும்டி" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வாள். எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த வருடம் இரண்டு புது டப்பாக்கள், பதினாறு கார்னர்கள். பதினைந்தை ஒழுங்காகத் தேய்த்துத் துணி போட்டுப் பார்த்தேன். பதினாறாவதைக் கையில் எடுத்தபோது தெருமுனையில் ராட்டினக்காரர் வந்துவிட்டார். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, துணி போடாமல், குவியலில் எறிந்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது நைனா எல்லாவற்றையும் டப்பாக்களில் திருகி முடித்திருந்தார். என்னுடைய கார்னர் எந்த மூலைக்குப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூழுக்கு வரிசை நின்றுகொண்டிருந்தது. திடீரென்று ஒரு பெண் அலறினாள். பெஞ்சின் மேல் ஏற்றி வைத்திருந்த இடப்பக்கத்து டப்பாவை ஒட்டிச் செயலாளரின் ஆறு வயது மகன் நின்றுகொண்டிருந்தான். இடது புருவம் கிழிந்து முகமெல்லாம் ரத்தம். அவன் கை டப்பாவின் கீழ் மூலையைப் பிடித்திருந்தது, கார்னரிலும் ரத்தம். செயலாளர் ஓடிவந்து குனிந்து அவனிடம் ஏதோ கேட்டார், பையன் தலையாட்டினான். அவனை யாரிடமோ கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நேராக வந்து மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! இந்த மைக் செட்டுக்காரன் அடிச்ச தகரம் என் புள்ளையோட கண்ணையே எடுத்திருக்கும். காயலான் கடத் தகரத்த வெட்டி ஒட்டிக்கினு வந்து பொழப்பு நடத்துறான். இனிமே இந்தத் தெருவுல எவனும் இவனக் கூப்டக் கூடாது!"

எங்கள் மைக், எங்கள் ஆம்ப்ளிஃபயர், எங்கள் டப்பா. இரண்டு தெரு தள்ளியும் தெளிவாகக் கேட்டிருக்கும், ஏனென்றால் அவை நல்ல டப்பாக்கள். நைனாவின் கை வால்யூம் குமிழில்தான் இருந்தது. அவர் குறைக்கவில்லை. வரிசையில் நின்ற ஒருவன், "இன்னா நைனா, பாட்டுப் போட வந்தியா, ஆப்பரேசன் பண்ண வந்தியா?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். நைனா எழுந்து, "தப்பு எம்மேலதான் சார். கடசியா தேச்சது நான்தான்" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அன்று சாயங்காலமே பதினாறு கார்னர்களையும் நைனா கழற்றி எறிந்தார். அந்த இடங்களில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார். ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ரப்பர் உரிந்து, மூலைகள் பிளந்து, கார்த்திகை மழையில் இரண்டு டப்பாவும் ஊறி உப்பிப்போயின. ஊறாமல் இருந்திருந்தாலும் கூப்பிட ஆள் இல்லை. அந்த மைக் பேச்சு எல்லாத் தெருவுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. நைனா வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்காலி தூக்கப் போனார். வேறு யாரோ போடும் பாட்டைக் கேட்டுக்கொண்டு இருபது வருடம் அங்கே நாற்காலி தூக்கினார். அதெல்லாம் நான் துணி போடாமல் எறிந்த ஒரு தகட்டினால் வந்தது என்று நினைத்துக்கொண்டே நான் வளர்ந்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், பிள்ளை பெற்றேன். என் பிள்ளை எங்கேயாவது இடித்துக்கொண்டு அழுதால், இடித்த இடத்தில் முனை இருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்ப்பேன்.

இப்போது மேற்கு மாம்பலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒருவர் ஆதார் அட்டையைக் கொடுத்தார். எங்கள் பழைய தெருவின் முகவரி. நிமிர்ந்து பார்த்தேன். இடது புருவத்தில் தழும்பு.

"புருவத்துல இன்னா தம்பி தழும்பு?"

"அதுவாக்கா? சின்ன வயசுல மோட்டார் ரூம் இரும்புக் கேட்டு மேல ஏறி வுழுந்துட்டேன், கம்பி மொன கிழிச்சிருச்சு."

"ஸ்பீக்கர் டப்பா கிழிச்சிதுன்னு இல்ல சொன்னாங்க?"

அவர் சிரித்துவிட்டார். "உங்களுக்கு எப்டிக்கா தெரியும்? கேட்டுல ஏறுனேன்னு தெரிஞ்சா எங்கப்பா தோல உரிச்சிருவாரு. அதான் ஓடிப்போயி டப்பாவாண்ட நின்னுக்கினேன். டப்பாவா இடிச்சிதுன்னு அவரே கேட்டாரு, நான் தலைய ஆட்டிட்டேன்."

"அப்புறம் அவருக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"மறுநாளே தெரிஞ்சிருச்சு. கேட்டு மொனையில ரத்தத்தப் பாத்துட்டு அம்மா சொல்லிட்டாங்க. எனக்கு நாலு அடி. வெல்டரக் கூட்டியாந்து எல்லா மொனையையும் அறுத்ததே அப்பாதானே!"

அந்தக் கேட்டை எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலிருந்து ஐம்பதடி தள்ளி, தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ரூமின் கேட். பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் மொட்டையான அந்தக் கம்பிகளின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே நடந்திருக்கிறேன்.

ஆதாரின் முன்பக்கத்தையே மூன்று தடவை எடுத்திருக்கிறேன், பின்பக்கத்தை எடுக்கவே இல்லை. நான் யார் என்று சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. "ஆறு வயசுக்கா" என்றார். தெரியும், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் போனபிறகு ஸ்டூலில் உட்கார்ந்தேன். நெஞ்சில் ஏற்றி வைத்த டப்பாவை யாரோ இறக்கிவிட்டது போல மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. தனியாகச் சிரித்தேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பட்டப்பகலில் ஷட்டரை இழுத்துவிட்டு, கால்வாய் ஓரத்து வீடுகளை அரசாங்கம் இடித்தபோது எங்களுக்குக் கொடுத்த பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் பஸ் ஏறினேன்.

நைனாவும் அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், பதினாறாவது கார்னருக்கு நான் துணி போடவில்லை என்பதையும் சேர்த்து. நைனா கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

"அத்த நான் பாத்தேனே. துணி மாட்டிச்சு. நீ ஓடிட்ட, நானே தேச்சிட்டேன். சரியா தேக்கலயோ, என் கைதான் அந்தப் புள்ளையக் கிழிச்சிடுச்சோன்னு இத்தினி வருசம்..."

அம்மா தட்டைத் தள்ளினாள். "ரெண்டும் லூசுங்களா? பெயிண்டு காஞ்சதும் பதினாறையும் பொடவயப் போட்டு இழுத்தது நானு. ஒரு நூலு மாட்டல. அன்னிக்கே பந்தல்ல சொல்ல வந்தேன். 'நீ பேசாத, வூட்டுக்குப் போ'ன்னு இந்த மனுசந்தான் தொரத்துனாரு. அப்புறமும் சொன்னேன். பொண்டாட்டி ஆறுதலுக்குச் சொல்றான்னுட்டாரு."

நைனா கையில் நின்ற சோற்றை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, "கொயம்பு ஊத்து" என்றார். அன்று அவர் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தக் கால்வாய் ஓரத்தில் இப்போது எங்கள் வீடு இல்லை. மோட்டார் ரூம் இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. ஆடிக்கு வரும் ஸ்பீக்கர்கள் அச்சில் வார்த்த பிளாஸ்டிக், மூலையே வட்டமாக இருக்கிறது, யாரும் எதையும் தேய்க்கவேண்டியதில்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. நன்றாகத் தூங்குகிறேன், நைனாவும் நன்றாகத் தூங்குகிறாராம்.

ஆனால் நீங்கள், செயலாளர் சார்? ஒவ்வொரு ஆடியிலும் உங்களுக்கு மேடையில் சால்வை போர்த்துகிறார்கள் என்று உங்கள் மகன் சொன்னார். இந்த வருடமும் போர்த்துவார்கள், மைக்கையும் கொடுப்பார்கள். கேட்டின் முனைகளை ஏன் அறுத்தீர்கள்? அறுத்த அன்றைக்கு ஐம்பதடி நடந்து எங்கள் வீட்டுக்கு ஏன் வரவில்லை? பெரும்பாக்கத்துக்கு வந்து காதோடு காதாக மன்னிப்புக் கேட்கவேண்டாம், கதவைத் திறக்கமாட்டோம். எல்லாரும் கேட்டுக்கங்க என்றுதானே ஆரம்பித்தீர்கள். எல்லாரும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள். மூன்று பேரும் வருகிறோம், முன்வரிசையில் உட்காருவோம்.