கடல் மேலே இருக்கும் வரைபடம்

என் வகுப்புப் பிள்ளைகளின் வரைபடத்தில் கடல் மேலே இருக்கும். அது தப்பில்லை. இதைச் சொன்னதற்காக, புவியியல் ஆசிரியர்களுக்கான ஐந்து நாள் பயிற்சியில் 'ஒத்துழைக்காதவர்' என்று பெயர் வாங்கியவள் நான். வாங்கிய பெயரைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில் கடலை ஒட்டிய ஒரு பள்ளியில் பதினொரு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். ஆறாம் வகுப்பில் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொல்வோம். எங்கள் பிள்ளைகள் தாளை எடுத்ததும் மேல் விளிம்பில் அலை போடுவார்கள். பிறகுதான் அலை தடுக்கக் கரையில் கொட்டிய கல், ரோடு, கோயில், வீடு எல்லாம். இங்கே பேச்சில் வடக்கு தெற்கு கிடையாது. கடல் பக்கம், ரயில் பக்கம், எண்ணூர் பக்கம், ராயபுரம் பக்கம், அவ்வளவுதான். கடலைப் பார்த்து நின்றுதான் எல்லா வழியும் சொல்வார்கள். அதனால் கிழக்கு மேலே போய்விடுகிறது.

நானும் சின்ன வயதில் காசிமேட்டுப் பள்ளியில் அப்படித்தான் வரைந்தேன். அதற்கு அடி வாங்கினேன். படித்து, டீச்சராகி, கையில் சிவப்புப் பேனா வந்ததும் அதே படங்களுக்கு நானே தப்பு போட்டேன். 'வடக்கு மேலே வர வேண்டும்' என்று பக்கத்தில் எழுதுவேன். நினைத்தால் எனக்கே என்மேல் ஆத்திரம் வருகிறது.

போன வருடக் கடைசியில் பெற்றோர் கூட்டம். மீன் விற்றுவிட்டு நேரே வந்த ஓர் அம்மா, மகளின் படத்தில் நான் போட்ட தப்பையும் சுவரில் நான் ஒட்டியிருந்த 'சரியான' படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இன்னா டீச்சரு, கடல இப்பிடி சைடுல சாச்சி வெச்சிகீற? தண்ணி கொட்டிகினு பூடாது?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“எம்பொண்ணு போட்டத பாத்துகினு நானே வூட்லேர்ந்து ஸ்கூலுக்கு வந்துடுவேன். உன்னுத வெச்சிகினு எங்கனா போவ முடியுமா?”

அவள் சொன்னது சரி. வரைபடத்துக்குத் திசை குறிக்க வேண்டும், அளவு வேண்டும், குறியீடு வேண்டும். வடக்கு மேலே இருப்பது வழக்கம், அவ்வளவுதான். இது எனக்குக் கல்லூரியிலேயே தெரியும். தெரிந்தேதான் தப்பு போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் அதே பிள்ளைகள் ஏழாம் வகுப்பு. பெரிய சார்ட்டில் எங்கள் கரையை வரைந்தார்கள். கடல் மேலே. வடக்கு காட்டும் அம்பு இடது பக்கம். கடல் உள்ளே வந்து விழுங்கிய தெருக்களை வீட்டில் கேட்டு வந்து புள்ளிக் கோட்டில் போட்டு, ‘இங்கே தெரு இருந்தது’ என்று எழுதினார்கள். அதைவிட நல்ல புவியியல் பாடத்தை நான் நடத்தியதில்லை. பயிற்சியில் தேர்வாகும் பாடங்கள் ஆசிரியர் கையேட்டில் அச்சாகும் என்று சுற்றறிக்கை வந்தது. "உங்க படம் புக்குல வரப்போவுது" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் "வந்துச்சா மிஸ்?" தான்.

தண்டையார்பேட்டைப் பள்ளியில் பயிற்சி. பயிற்சி நடத்த வந்த கருத்தாளர் வெளியூர்க்காரர். கெட்டவர் இல்லை. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சிலும் இருக்காது. மூன்றாம் நாள் என் சார்ட்டை விரித்ததும் எழுந்து வந்தார்.

“மேடம், அடிப்படையே தவறு. வடக்கு மேலே இல்லையே.”

“எங்க இருக்குன்னு அம்பு போட்டிருக்கு சார்.”

“பிள்ளைங்க குழம்பிடுவாங்க.”

“பிள்ளைங்க குழம்பல சார். நீங்கதான் குழம்புறீங்க.”

சமோசா தின்றுகொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். அவர் நோட்டில் ஏதோ எழுதினார்.

நான்காம் நாள் களப்பயணம், காசிமேட்டுத் துறைமுகத்துக்கு. எல்லோருக்கும் ஆளுக்கொரு அச்சுப்படம் கொடுத்தார். வடக்கு மேலே, கடல் வலது ஓரத்தில். ஏலச் சத்தத்துக்கு நடுவே கடலைப் பார்த்து நின்று, ஐஸ் உடைக்கும் இடம் எந்தப் பக்கம் என்று காட்ட வந்தார். படத்தைப் பார்த்தார், எதிரே பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த படத்தைக் கால் வட்டம் திருப்பினார். கடல் மேலே வந்துவிட்டது.

நான் விடுவேனா?

“சார், இப்போ உங்க மேப்புல மேல எது இருக்கு?”

சடாரென்று பழையபடி திருப்பிக்கொண்டார். “களத்துல திசைக்குப் பொருத்திப் பாக்கறது வேற மேடம். அச்சுக்குன்னு ஒரு விதி இருக்கு.” காது மட்டும் சிவந்திருந்தது.

கடைசி நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பாடம் நன்றாக இருக்கிறதாம், விட மனசில்லையாம். “படத்தை அப்படியே திருப்பி அச்சடிச்சிடலாம். வடக்கு மேலே வந்துடும், பிரச்சினை முடிஞ்சுது.” மேசையில் சார்ட்டைத் திருப்பியும் காட்டினார். பிள்ளைகள் எழுதிய தெருப் பெயர் எல்லாம் செங்குத்தாக நின்றது. ‘இங்கே தெரு இருந்தது’ என்பதைப் படிக்க நான் கழுத்தைச் சாய்க்க வேண்டியிருந்தது. சொந்தப் படத்தை அவர்கள் இப்படிக் கழுத்தைச் சாய்த்தா பார்ப்பார்கள்?

“வரைஞ்சபடியே போடுங்க சார். இல்லன்னா வேணாம்.”

வேண்டாம் என்றே ஆயிற்று. சார்ட்டைச் சுருட்டிக்கொண்டேன். வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன். பின்னூட்டப் படிவத்தில் ‘இப்பயிற்சியில் நீங்கள் கற்றது என்ன?’ என்று ஒரு கேள்வி. ‘நாம் நிற்கும் இடத்துக்குத் தகுந்தபடி வரைபடத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கருத்தாளர் செய்து காட்டினார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் பயிற்சிக் கதை முழுவதையும் சொன்னேன். மீன் விற்கும் அந்த அம்மாவின் மகள்தான் எழுந்தாள்.

“ஹார்பர்ல அந்த சார் மேப்ப திருப்புனாரா மிஸ்?”

“திருப்பினார்.”

“அப்ப நம்மளுது கரீட்டு.”

பெஞ்சைத் தட்டினார்கள் பாருங்கள், பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. எனக்கும் தலைகால் புரியவில்லை. ஆனால் அவள் உட்காரவில்லை.

“போன வருசம் எனக்குத் தப்பு போட்டீங்களே மிஸ். அத்த இன்னா பண்ணப் போறீங்க?”

அவள் கேட்டது நியாயம். நாளைக்கு அந்தத் தாளைக் கொண்டு வா என்றேன். கொண்டு வந்தாள், மடிப்புக் கலையாமல். எல்லோர் முன்னாலும் என் சிவப்புக் குறியை அடித்து, முழு மதிப்பெண் போட்டு, அன்றைய தேதியோடு கையெழுத்திட்டேன். தப்பு என்னுடையது என்று வாய்விட்டும் சொன்னேன்.

விஷயம் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த நாள் மதியம் ஆசிரியர் அறை வாசலில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் பழைய ஆறாம் வகுப்பு நோட்டோடு நின்றார்கள். என்னை ‘ஒத்துழைக்காதவர்’ என்று கருத்தாளர் எழுதியதை யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.