கடலில் படகுகள் இல்லை என்றது திரை

ஃபரீனா மௌத்தாகிவிட்டார் என்று அவருடைய கணவர் குறிஞ்சாக்கேணியிலிருந்து போனில் சொன்னார். "காலையில நெஞ்சு நோகுது எண்டு சொன்னவ..." அந்த மரணச் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

துறைமுகத்தடியில் எங்கள் மீனவர் சங்க அலுவலகத்துக்கு வந்துபோன உங்கள் எல்லாருக்கும் ஃபரீனாவைத் தெரியும். கடலுக்குப் போகும் படகுகளைத் தரவுத்தளத்தில் பதிவதும், இன்னும் திரும்பாதவற்றை இணையப் பக்கத்தில் காட்டுவதும் எங்கள் இருவரின் வேலை. அந்தப் புயல் நாளில் நடந்ததை நான் முழுதாகச் சொன்னதில்லை.

அன்று காலை அந்தப் பக்கத்தை இயக்கும் கணினிக் கட்டளைகளில், அதாவது ஸ்கிரிப்டில், ஒரு வரியை மாற்றியிருந்தேன். மத்தியானம் காற்று எழும்பியது. பட்டியலைத் திறந்தால், தொடரியல் பிழை, அதாவது கட்டளை எழுதிய முறை தவறு, என்ற செய்தி மட்டுமே வந்தது. திரும்பிய நேரத்தைக் குறிக்கும் நெடுவரிசையின் பெயருக்கு முன்னால் நான் தவறுதலாக ஒரு மேற்கோள் குறி போட்டிருந்தேன். பெயருக்குப் பின்னாலும் ஒன்றைப் போட்டு மூடினேன். பிழை மறைந்தது. 'கடலில் படகுகள் இல்லை' என்று பக்கம் காட்டியது.

"அப்ப எல்லாரும் வந்திட்டினம்." காற்று எழும்பியதும் கூப்பிட்டிருந்த மீட்புக்குழுவை வரவேண்டாம் என்று சொல்ல மேலாளர் டெலிபோனை எடுத்தார்.

"வையுங்க சேர்," என்றார் ஃபரீனா. "எங்கட காக்கா இன்னும் வரல்ல. அவர்ட படகும் இதில இல்ல." காக்கா என்றது அவருடைய அண்ணனை.

ஸ்கிரிப்டைப் பார்த்தார். "மூடினது பிழை, சுகந்தி. இந்தக் குறி இதில இருக்கவே கூடாது."

மேற்கோளுக்குள் போனதும் அந்தப் பெயர் நெடுவரிசையைக் குறிக்காத வெறும் சொல்லாகிவிட்டது. திரும்பிய நேரம் இன்னும் பதியப்படாத படகுகளைக் கணினி தேடவே இல்லை. ஃபரீனா இரண்டு குறிகளையும் அழித்தார். பதினொரு படகுகள் திரையில் வந்தன.

அந்தப் படகுக்காரர்களின் போன் எண்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து அழைத்தோம். காக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஃபரீனா அதை வைத்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினார். "அவர் மட்டுமா கடல்ல?" என்றார். பின்னேரத்துக்குள் பத்துப் படகுகள் வந்தன. காக்காவின் படகு மூதூர்ப் பக்கம் பத்திரமாகக் கரை ஒதுங்கியதாகத் தகவல் வரும்வரை அவர் கதிரையில் உட்காரவில்லை.

மறுநாள், "என்ர பிழை," என்றேன்.

"ஓம். ஆனா பிழை எண்டு திரை காட்டேக்க நான் பயப்படல்ல. ஒண்டும் இல்ல எண்டு காட்டினதுக்குத்தான் பயந்தனான்."

அந்தப் பயம் எனக்கு மிஞ்சியிருக்கிறது. எதையாவது திருத்திவிட்டு, கடலில் இருப்பதாக நிச்சயமாகத் தெரிந்த ஒரு படகின் பெயரைப் பட்டியலில் தேடுகிறேன். அது கண்ணில் படும்வரை மூச்சு விடுவதில்லை.