நான்காம் எண் வெளியே வரவில்லை

முர்ட்ஸ் பள்ளத்தாக்கு கால்பந்து அணிக்குப் பதினேழு வருடம் தடுப்பாட்டம் ஆடிய லாம்பெர்ட் ஸெல்னருக்கு அன்று கடைசி ஆட்டம். ஓய்வு பெறும் வீரரை, ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே மாற்றி வெளியே அழைப்பது வழக்கம். இரு அணியும் வரிசையில் நின்று கைதட்டும், பூங்கொத்தும் பன்றித்தொடைக் கூடையும் கிடைக்கும். எண்பத்தைந்தாவது நிமிடம் வீரர் மாற்றும் பலகையில் அவருடைய நான்காம் எண் ஒளிர்ந்தது. ஆனால் ஒரு கோல்தான் முன்னிலை. அதுவும் போனால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும்.

"வாடா வெளிய! ஊரே எழுந்து நிக்குது!" என்று கத்தினார் பயிற்சியாளர் ஓட்டோகர்.

"உக்காரச் சொல்லுங்க கோச். அவனுங்க கார்னர் அடிக்கப் போறானுங்க."

எதிரணி முன்களவீரன் இளித்தான். "போ பெருசு, கூடையை நாய் தின்னுடப் போகுது."

"மொதல்ல என்னைத் தாண்டுடா, பாக்கலாம்."

வெளியேற மறுத்தால் ஆட்டம் தொடர வேண்டும் என்பது விதி. நடுவர் வேறு வழியின்றி விசில் ஊதினார். பந்து வளைந்து வந்தது. முன்களவீரன் ஓங்கி உதைத்ததை லாம்பெர்ட் முகத்தில் வாங்கினார். பந்து கோல் கம்பத்துக்கு வெளியே தெறித்தது.

ஆட்டம் முடிந்தபோது வரிசையில் நிற்க யாருமில்லை. எதிரணி தரையில் கிடந்தது, லாம்பெர்ட்டின் அணி ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கூத்தாடியது. அவர் வீங்கிய மூக்கோடு தனியாக நடந்து ஓட்டோகரிடம் வந்தார்.

"இப்ப வேணா மாத்திக்கோங்க, கோச்."