முந்நூற்று ஐம்பத்தொன்பது

அக்னி நட்சத்திரத்தில் தொடர்ந்து பதினோரு நாள் மேகமே இல்லை. தினமும் நாள்காட்டியில் கோடு போட்டு வந்தேன், கணக்கு சரிதான். ஆம்பூர் டேனரி ஒன்றில் டிரையிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக அது என் இருபத்தாறாவது வருடம்.

சாயம் ஏற்றிய ஆட்டுத்தோலை மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே கயிற்றில் தொங்கவிடுவோம். காற்றோட்டத்துக்காகப் பக்கச் சுவர் வைக்கவில்லை. ஒன்றரை நாளில் காய்வது அந்த வெயிலில் அரை நாளில் காய்ந்தது. மேனேஜர் லோடை இரண்டு மடங்காக்கினார். வானம் மாறினால் இறக்க ஆள் போதாது என்று மூன்று தடவை சொன்னேன். "வெயில் அடிக்கிறப்பவே மழைக்கு பேஜார் ஆவுறீங்களே," என்றார்.

பன்னிரண்டாம் நாள் மதியம் இரண்டே காலுக்கு ஏலகிரிப் பக்கம் கறுத்தது. முதலில் புழுதிக்காற்று, பின்னாலேயே சாரல். மாடியில் 360 தோல். நனைந்தால் திட்டுத் திட்டாகக் கறை விழும், ஆர்டர் போய்விடும். ஆறு பேர் தோளில் அள்ளிப்போட்டு இறக்கினார்கள். நான் கீழே நின்று எண்ணினேன்.

ஒடுகத்தூரிலிருந்து வரும் கஸ்தூரி என்னிடம் ஒன்பது வருடமாக வேலை செய்தவள். கடைசிக் கட்டைப் போட்டுவிட்டு, "அப்படியே மழையையும் எண்ணி டேலி பண்ணிடுங்க சார்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

359 வந்தது. மறுபடி எண்ணினேன். அதே 359.

"மேல ஒண்ணு நின்னுபோச்சு. பாத்துட்டு வந்துடு கஸ்தூரி."

"காத்து ஜாஸ்தியா கீதே சார்."

"ஒரு நிமிஷம்தானே."

அவள் ஏறினாள். கொஞ்ச நேரத்தில் கூரைத் தகரம் ஒன்று பிய்த்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. நான் மேலே போனபோது தகரத்தின் விளிம்பு அவளுடைய இடது முழங்கைக்குக் கீழே இறங்கியிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது கட்டுப் பிரிக்கும் பாஷா போன் செய்தான். "சார், மேல தேட வேணாம். ரெண்டு தோலு ஈரத்துல ஒட்டிக்கினு ஒண்ணாட்டம் இருந்துச்சு. 360 சரியா கீது."

ஸ்ட்ரெச்சரில் கஸ்தூரி கண் திறந்தாள். "அந்தத் தோலு கெடச்சுதா சார்?"

"கெடச்சுது," என்றேன்.

கையை எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் 'எதிர்பாராத சூறைக்காற்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. காற்று கிளம்பினால் முதலில் ஆளை எண்ணுங்கள். எல்லோரும் கீழே வந்துவிட்டால் மாடிக் கதவைப் பூட்டிவிடுங்கள். தோல் குறைந்தால் குறைந்தது என்று எழுதுங்கள்.

ஒரு தோலைக் காப்பாற்றப் போய்க் கை போனது என்றுதான் கஸ்தூரி இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். மேலே தோலே இல்லை என்று சொல்ல ரிட்டயரான பிறகு இரண்டு தடவை ஒடுகத்தூர் போனேன். இரண்டு தடவையும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அவள் ஒரு கையால் ஆற்றிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, பஸ் ஏறிவிட்டேன்.