பாடை திரும்பிய மூலை

விழுப்புரத்திலிருந்து காலையில் வரும் பாசஞ்சர் வண்டியில் ஓவர்சியர் தணிகாசலம் ஐயா தவறாமல் வந்து இறங்குவார். போன செவ்வாய்க்கிழமை அவருக்குப் பதிலாக அவருடைய சாவுச் செய்தி வந்து இறங்கியது. அவரை எதிர்பார்த்து எங்கள் ஊர்த் திண்டிவனம் ஸ்டேஷனில் நின்றிருந்த எங்களிடம் டிக்கெட் பரிசோதகர், "உங்க ஓவர்சியர் போய்ட்டாருப்பா" என்றார். "எந்த வண்டியில?" என்று கேட்டேன். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டேன். என் வாயிலிருந்து வருவதை யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டிக்காரர் மகன், ஐந்தாம் பாரம் படிப்பவன், ஊருக்கெல்லாம் பட்டப்பெயர் வைப்பவன் என்று என்னை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஐயாவுக்கு நான் வைத்த பெயர் 'ஓவர் சீரியஸ்'. விழுப்புரத்தில் பிறந்தும் ஒரு நாள்கூட விழுந்து விழுந்து சிரிக்காதவர் அவர். பெயர் அவர் காதுக்கு எட்டியபோது, "ஓவர்சியர் உத்தியோகத்துல ஒரு எழுத்துப் பிரமோஷன். சந்தோஷம்" என்றார், முகம் மாறாமல்.

சில வருஷங்களுக்கு முன், யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ரயில் பாதைக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கும் எங்கள் பேட்டையைத் திருத்திக் கட்டுவதற்குப் ஜில்லா போர்டு ஆபீசில் பிளான் போட்டார்கள். அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஐயா வந்தார். ஊரைக் கூட்டினார். "உங்க தெரு எப்படி இருக்கணும்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

யாரும் சொல்லவில்லை. "நீங்க பாத்துச் செஞ்சா சரிங்க" என்றார் அப்பா. ரயில் லைனோரக் குடிசைகளிலிருந்து வந்து, தள்ளியே நின்ற கூலிக்காரர் இருசப்பனும் அதையேதான் சொன்னார்: "எசமான் பாத்துச் செஞ்சா சரி."

"எல்லாரும் என்னையே பாக்கச் சொன்னா எப்படி? எனக்கு ரெண்டு கண்ணுதாங்க" என்று ஐயா பிளானை விரித்துக் காட்டினார். நீலக் காகிதத்தில் வெள்ளைக் கோடுகள். ஆப்பக்கடை முனியம்மா எட்டிப்பார்த்து, "இது எந்த ஊருக் கோலம் சாமி? புள்ளியே காணோம்" என்றார்.

ஐயா காகிதத்தைச் சுருட்டினார். மறுவாரம் வற்றிக் கிடந்த ஏரிக்குள் ஆள் வைத்து, பேட்டை முழுவதையும் நிஜ அளவிலேயே சுண்ணாம்புத் தூளால் தரையில் வரைந்துவிட்டார். தெரு, சந்து, வீடு, வாசல் எல்லாம் வெள்ளைக் கோடு. "வாங்க, குடியேறுங்க" என்றார்.

முதலில் சிரித்தார்கள். அப்புறம் நிஜமாகவே குடியேறிவிட்டார்கள். "சுவத்து மேல நடக்கிறியே, வாசலால வாயேன்!" என்று ஒருவரை ஒருவர் அதட்டினார்கள். முனியம்மா தன் கோட்டு வீட்டுக்குள் காலை நீட்டி உட்கார்ந்து, அத்தனை பெரிய ஏரிக்கு நடுவே, "காத்தே வரலியே" என்றார். கிணற்றுக்கு எதிரில் கக்கூஸ் என்றதும் ஊரே வாய் திறந்தது. "இன்னாங்க இது, பேஜாரு!" யார் என்ன சொன்னாலும் ஐயாவுக்கு ஒரே பதில்தான்: "சுண்ணாம்புதானே. சொல்லுங்க, அழிச்சிடலாம்." சொன்னவுடன் காலால் தேய்த்து அழித்துவிடுவார்.

சாயங்காலமாக, இருசப்பன் ஒரு மூலையில் போய் நின்றார். லைனோரக் குடிசைகளின் சந்து பெரிய தெருவில் வந்து சேரும் இடம் அது. ஒரு பக்கச் சுவர் எங்கள் வீட்டுடையது.

"இங்க பாடை திரும்பாது சாமி" என்றார்.

பழைய சந்திலும் அந்த மூலை அப்படித்தான் இருந்தது. லைனோரத்துச் சாவு பெரிய தெருவில் வரக்கூடாது என்று எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மூலையே சொல்லிக்கொண்டிருந்தது.

"எங்கம்மா செத்தப்போ, மூட்டையாட்டம் தோள்ல போட்டுக்கினு சாக்கடைக் கால்வாயில எறங்கிப் போனேன். புதுசுலயும் அதே மூலைதான் வெச்சிருக்கீங்க" என்றார் இருசப்பன்.

"நல்ல காரியத்துக்குக் கூடியிருக்கோம், பாடை கீடைன்னு" என்று அப்பா முணுமுணுத்தார்.

ஐயா என்னிடம், "உங்க மண்டியில ஏணி இருக்குதா?" என்று கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். செருப்பைக் கழற்றினார், மேல்துண்டை மடித்துத் தலைக்கு வைத்தார், ஏணியில் மல்லாந்து படுத்துக்கொண்டார். "தூக்குங்க."

"ஐயையோ வேணாம் சாமி! உசுரோட இருக்கிறவங்கள..."

"ஏணிதானேங்க இருசப்பன். திரும்புதான்னு பாப்போம்."

இருசப்பனுக்கு யாராவது 'ங்க' போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். அவரும் இன்னும் மூன்று பேரும் தூக்கினார்கள். மூலையில் ஏணி நின்றுவிட்டது. வானத்தைப் பார்த்தபடியே ஐயா கேட்டார்: "இப்ப என் கால் எங்க இருக்குதுங்க?"

"எங்க வீட்டு அடுப்பு மேலங்க. சாம்பார் கொதிக்குது, ஜல்தியா எடுத்துக்குங்க" என்றேன். ஏரியே சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை. "மண்டிக்காரரே, நீங்க சொல்லுங்க" என்றார்.

அப்பா ஏணிக்குக் கிட்டே வந்தார். "மொதல்ல எறங்குங்க, பாக்கச் சகிக்கல" என்றார். பிறகு, "அழிச்சுக்குங்க" என்றார்.

எங்கள் வீட்டுச் சுவர் இன்றும் அந்த மூலையில் தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறது. அதன்பின் லைனோரத்துச் சாவுகள் தெருவழியே, மேளத்தோடு போகின்றன.

செய்தி வந்த அன்றே அப்பா, இருசப்பன், முனியம்மா, நான் எல்லோரும் விழுப்புரம் போனோம். ஊருக்கெல்லாம் தெருவை அகலமாக்கியவர் இவ்வளவு குறுகிய சந்தில் குடியிருந்தார் என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. அந்தச் சந்துக்கும் ஒரு மூலை இருந்தது. பாடை அங்கே இடித்துக்கொண்டு நின்றது. "சாய்ங்க, சாய்ங்க" என்று உறவினர்கள் கத்தினார்கள். மாலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

தூரத்தில் நிற்கச் சொல்லியிருந்த இடத்திலிருந்து இருசப்பன் அப்பாவிடம், "உசுரோட தூக்கினவன் நான். சாய்க்காம திருப்பத் தெரியும் எனக்கு" என்றார், மெதுவாக.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். "இவங்க தூக்கட்டும்."

உறவுக்காரர் ஒருவர் இருசப்பனை மேலும் கீழும் பார்த்து, "யாரு இவங்க?" என்றார்.

"எங்க தெருக்காரங்க" என்றார் அப்பா.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. உறவுக்காரர் தோளை விலக்கிக்கொண்டார். மூலை வீட்டு அம்மாள் தாமாகவே வெளிக்கதவைத் திறந்துவிட்டார். இருசப்பன் தலைப்பக்கம் தோள் கொடுத்தார். பாடை அந்த வீட்டு முற்றத்துக்குள் கொஞ்சம் நுழைந்து, சாயாமல் திரும்பியது.

இந்த முறை ஐயா கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லவேண்டியது என் முறை.

உங்க கால் அடுத்த வீட்டு முற்றத்துல இருக்குதுங்க ஐயா. எங்கயும் இடிக்கல. திரும்பிடுச்சுங்க. நல்லபடியா போங்க.